மாத்திரை மட்டும் போதுமா? 99 சதவீதத்தின் கதை

போன வருஷம் பொங்கல் லீவு முடிந்து ஹாஸ்டலுக்குத் திரும்பிய வாரம். இரவு பதினோரு மணிக்கு எங்கள் ஃப்ளோர் ஜூனியர் ஒருத்தி என் அறைக் கதவைத் தட்டினாள்.

"அக்கா, ஒண்ணு கேக்கணும். யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

அவளுக்கு பிசிஓடி. பீரியட்ஸ் ஒழுங்காக வருவதற்காக டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார். 21 நாள் போட வேண்டும், 7 நாள் விட வேண்டும், அப்புறம் புது அட்டை. கருத்தடைக்குக் கொடுக்கும் அதே மாத்திரைதான். டாக்டரிடம் போனது அம்மாவுக்குத் தெரியும், கொடுத்தது என்ன மாத்திரை என்று தெரியாது. பேரை கூகுளில் போட்டால் தெரிந்துவிடும் என்ற பயத்தில், லீவுக்கு ஊருக்குப் போகும்போது புது அட்டையை ஹாஸ்டல் அலமாரியிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டாள். ஆரம்பிக்க வேண்டிய நாளுக்கு மூன்று நாள் கழித்து, திரும்பி வந்த பிறகுதான் முதல் மாத்திரையைப் போட்டிருக்கிறாள்.

"அதனால ஒண்ணும் ஆகாதுல்லக்கா?"

பீரியட்ஸ் தள்ளிப்போகுமா என்று கேட்கிறாள் என நினைத்தேன். அவள் கேட்டது அது இல்லை என்று எனக்கு உறைக்க அரை நிமிஷம் ஆனது. முந்தின நாள் அவளும் அவள் நண்பனும் காண்டம் இல்லாமல் இருந்திருக்கிறார்கள். மாத்திரைதான் போடுகிறோமே என்ற தைரியம்.

நான் ஃபோனை எடுத்துத் தேடினேன். முதலில் கண்ணில் பட்டது, "99 சதவீதத்துக்கும் மேல் பலன் தரும்." அப்பாடா என்று இருந்தது. "ஒண்ணும் ஆகாதுடி, போய்த் தூங்கு" என்று அனுப்பிவிட்டேன்.

அந்தப் பதில் தப்பு. எவ்வளவு தப்பு என்று புரிய எனக்கு ஒரு வாரமும் ஒரு டாக்டரும் தேவைப்பட்டார்கள். அதற்குள் அவள் செய்திருக்க வேண்டிய ஒரு காரியத்துக்கு நேரம் கடந்துபோயிருந்தது. அவள் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். ஆளை அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். அன்றைக்கு நான் தெரிந்து வைத்திருக்க வேண்டியது இதுதான்.

முதலில் அந்த 99. அது பொய் இல்லை. ஆனால் அது லேப் கண்டிஷனில் எடுத்த ரீடிங் மாதிரி. கருத்தடை முறைகளுக்கு எப்போதும் இரண்டு எண்கள் உண்டு. ஒரு நாள் விடாமல், விதிப்படி போட்டால் என்ன ஆகும் என்பது ஒன்று. சாதாரண மனிதர்கள் மறந்தும், தள்ளிப்போட்டும், அட்டை தீர்ந்து நாலு நாள் கழித்து வாங்கியும் பயன்படுத்தும்போது என்ன ஆகும் என்பது இன்னொன்று. அமெரிக்காவில் எடுத்த கணக்குப்படி, 100 பெண்கள் ஒரு வருஷம் விதிப்படி மாத்திரை போட்டால் கர்ப்பமாவது 0.3 பேர், அதாவது ஆயிரத்துக்கு மூன்று பேர். நடைமுறையில் போடும்போது 100-க்கு 7 பேர். ஒன்றுமே பயன்படுத்தாவிட்டால் 100-க்கு 85 பேர்.

0.3-க்கும் 7-க்கும் நடுவில் இருபது மடங்குக்கு மேல் வித்தியாசம். இரண்டு வரிசையிலும் உள்ளே இருப்பது ஒரே கெமிக்கல். வித்தியாசம் முழுக்க மாத்திரைக்கு வெளியே இருக்கிறது. 99 என்று விளம்பரம் போடுகிறவர்கள் முதல் எண்ணைச் சொல்கிறார்கள். நாம் வாழ்வது இரண்டாவது எண்ணில்.

இன்னொரு விஷயம், இது ஒரு வருஷக் கணக்கு. "ஒரு தடவைக்கு 7 சதவீதம்" என்று அர்த்தம் இல்லை, பலர் அப்படித்தான் புரிந்துகொள்கிறார்கள். நான்கு வருஷ டிகிரிக்குக் கணக்குப் போடுவோமே என்று எனக்கு ஆசை வந்தது. 0.93-ஐ நாலு தடவை பெருக்கினால் 0.748. அதாவது 100-க்கு 25 பேர். விதிப்படி போட்டால் அதே நாலு வருஷத்தில் 1.2 பேர். (ப்ராபபிலிட்டி எடுக்கும் சார் இதைப் படித்தால் முறைப்பார். ஒவ்வொரு வருஷமும் தனித்தனி நிகழ்வு என்று எடுத்துக்கொண்டேன். நிஜத்தில் மறக்கிறவர்கள் முதல் வருஷத்திலேயே மறப்பார்கள், கவனமாக இருக்கிறவர்கள் கடைசி வரை கவனமாக இருப்பார்கள். அதனால் 25 என்பது கொஞ்சம் அதிகம்தான். அளவு புரிவதற்காகச் சொன்னேன்.)

சரி, மூன்று நாள் தாமதத்துக்கு ஏன் இவ்வளவு பயம்? இது புரிய மாத்திரை என்ன செய்கிறது என்று தெரிய வேண்டும். கண்ட்ரோல் சிஸ்டம்ஸ் படித்தவர்களுக்கு இது ரொம்ப சுலபம். மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி எஃப்எஸ்ஹெச், எல்ஹெச் என்று இரண்டு ஹார்மோன்களை அனுப்பும். முதலாவது சினைப்பையில் முட்டையை வளர்க்கும். இரண்டாவது திடீரென்று எகிறும்போது முட்டை வெளியே வரும். வளரும் முட்டைப்பை ஈஸ்ட்ரோஜனைச் சுரக்கும். அதன் அளவைப் பார்த்துத்தான் மூளை அடுத்து எவ்வளவு அனுப்பலாம் என்று முடிவு செய்யும். ஃபீட்பேக் லூப்.

மாத்திரை இந்த லூப்பை ஏமாற்றுகிறது. தினமும் வெளியிலிருந்து கொஞ்சம் ஈஸ்ட்ரோஜன், கொஞ்சம் புரோஜெஸ்டின். மூளை "ஓ, போதுமான அளவு இருக்கே" என்று நினைத்து சிக்னலைக் குறைத்துவிடும். முட்டை வளராது, வெளியே வராது. கூடவே கர்ப்பப்பை வாயில் இருக்கும் சளி கெட்டியாகும், விந்தணு உள்ளே நுழைவது கஷ்டம். ஆனால் முக்கியமான வேலை முட்டையைத் தடுப்பதுதான்.

இப்போது அந்த 7 நாள் இடைவெளியைப் பாருங்கள். சில அட்டைகளில் அந்த 7 நாளைக்கும் மாத்திரை இருக்கும். அரசு ஆஸ்பத்திரிகளில் இலவசமாகக் கொடுக்கும் மாலா-என் அப்படித்தான், 21 ஹார்மோன் மாத்திரை, 7 இரும்புச்சத்து மாத்திரை. சில அட்டைகள் 24-ம் 4-ம். எதுவானாலும் அந்த நாட்களில் ஹார்மோன் உள்ளே போவதில்லை. பிட்யூட்டரி மெல்ல விழித்துக்கொள்ளும், முட்டைப்பை வளரத் தொடங்கும். ஏழாவது நாள் முடிந்து புது அட்டை ஆரம்பித்ததும் மறுபடி அமுங்கிவிடும். அதனால் விதிப்படி போட்டால் அந்த இடைவெளி நாட்களிலும் பாதுகாப்பு உண்டு.

ஆனால் அந்த 7, 10 ஆனால்?

அங்கேதான் என் ஜூனியர் மாட்டினாள். அட்டையின் நடுவில், தொடர்ந்து பத்துப் பன்னிரண்டு நாள் போட்டுவிட்டு ஒரு மாத்திரையை விட்டால் பெரிதாக ஒன்றும் ஆகாது, சிஸ்டம் நன்றாக அமுங்கிக் கிடக்கும். அட்டையின் தொடக்கத்தில் விட்டால், ஏற்கெனவே பாதி விழித்திருக்கும் லூப்புக்கு இன்னும் அவகாசம் கொடுக்கிறோம். கடைசி வாரத்தில் விட்டாலும் அதே கதை, இடைவெளி இந்தப் பக்கத்திலிருந்து நீளும். நான் அதுவரை நேர்மாறாக நினைத்திருந்தேன். முதல் மாத்திரையைக் கொஞ்சம் லேட்டாக ஆரம்பித்தால் என்ன, இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே என்று. மறக்கவே கூடாத மாத்திரை புது அட்டையின் முதல் மாத்திரைதான்.

மறப்பது என்றதும் ஒரு கதை சொல்லியே ஆக வேண்டும், நம்ம ஆள் ஒருவர் இதில் இருக்கிறார். 1960-ல் அமெரிக்க அரசு முதல் கருத்தடை மாத்திரையான எனோவிடை அனுமதித்தது. அப்போது அது சாதாரண பாட்டிலில் உதிரியாக வந்தது. இல்லினாய் மாநிலத்தில் டேவிட் வாக்னர் என்று ஒரு இன்ஜினியர். நாலு குழந்தைகளுக்கு அப்புறம் அவர் மனைவி மாத்திரை போட ஆரம்பித்தார். "இன்னிக்குப் போட்டியா, போட்டியா" என்று இவர் தினமும் கேட்க, வீட்டில் சண்டை. ஒரு நாள் ஒரு காகிதத்தில் கிழமைகளை எழுதி, ஒவ்வொரு கிழமை மேலும் ஒரு மாத்திரையை வைத்து அலமாரி மேல் வைத்தார். மாத்திரை இருந்தால் போடவில்லை, இல்லை என்றால் போட்டாச்சு. ஒரு நிலைமையைப் பார்த்தவுடனே தெரிந்துகொள்ள இதைவிட எளிமையான டிஸ்ப்ளே எனக்குத் தெரியாது. சில நாளில் ஏதோ மேலே விழுந்து மாத்திரைகள் சிதறிவிட்டன. அவர் விடவில்லை. பிளாஸ்டிக் ஷீட்டை வெட்டி, டிரில் போட்டு, கிழமை காட்டும் ஒரு வட்டமான டப்பா செய்தார். 1962-ல் பேட்டன்ட்டுக்கு விண்ணப்பித்தார். இன்றைக்கு நாம் பார்க்கும் கிழமை போட்ட அட்டைகளுக்கெல்லாம் மூதாதை அதுதான்.

மருந்தைத் தொடாமல், ரிலையபிலிட்டியைக் கூட்டப் பார்த்த வேலை அது. இன்னொரு பக்கம் மருந்தும் மாறியது. எனோவிடில் ஈஸ்ட்ரோஜன் 0.15 மில்லிகிராம். ரத்தம் உறைவது போன்ற பக்க விளைவுகள் தெரியவந்ததும் படிப்படியாகக் குறைத்தார்கள். இப்போது மாலா-என்னில் இருப்பது 0.03 மில்லிகிராம். இரண்டும் ஒரே வகை ஈஸ்ட்ரோஜன் இல்லை, இருந்தாலும் எடைக்கணக்கில் ஐந்தில் ஒரு பங்கு. உடம்புக்கு நல்லது. ஆனால் மெக்கானிக்கல்காரர்கள் சொல்லும் ஃபேக்டர் ஆஃப் சேஃப்டி சின்னதாகிவிட்டது, மறதியைத் தாங்கும் சக்தி குறைவு.

வாக்னர் தன் காகிதத்தை எல்லார் கண்ணிலும் படுகிற இடத்தில் வைத்தார். நம் ஊரில் அட்டை எங்கே இருக்கிறது? ஜியாமெட்ரி பாக்ஸில், துணி மடிப்புக்குள், சானிட்டரி நாப்கின் பாக்கெட்டில். வார்டன் பார்க்கக் கூடாது, ரூம்மேட் பார்க்கக் கூடாது, அம்மா பார்க்கவே கூடாது. கண்ணில் படாத மாத்திரை மறந்துபோகும். அந்த 7 சதவீதத்தை மறதி என்று எழுதுகிறார்கள். நம் ஹாஸ்டல்களில் அதில் பெரும் பங்கு ஒளிக்கிற கட்டாயம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இனி கேள்விக்கு நேராக வரலாம். பேக்கப் இல்லாமல் மாத்திரை மட்டும் போதுமா? கர்ப்பம் மட்டுமே கவலை என்றால், ஒழுங்காகப் போடுகிற நாட்களில் போதும். போதாத நாட்கள் எவை என்று தெரிந்திருக்க வேண்டும். அதற்கு ஒரே ஒரு எண்ணை ஞாபகம் வைத்தால் பாதி வேலை முடிந்தது: ஏழு. லூப்பை அமுக்க தொடர்ந்து ஏழு மாத்திரை வேண்டும்.

மாத்திரையை முதன்முதலில் ஆரம்பிக்கும்போது, பீரியட்ஸ் வந்த முதல் 5 நாளுக்குள் ஆரம்பித்தால் அன்றிலிருந்தே பாதுகாப்பு. வேறு எந்த நாளில் ஆரம்பித்தாலும் முதல் 7 நாள் காண்டம் வேண்டும். நடுவில் ஒரு மாத்திரையை மறந்தால், ஞாபகம் வந்தவுடன் போடுங்கள். அடுத்ததை வழக்கமான நேரத்தில் போடுங்கள். ஒரே நாளில் இரண்டு போடும்படி ஆனாலும் பரவாயில்லை, பேக்கப் தேவையில்லை. இரண்டோ அதற்கு மேலோ தொடர்ந்து மறந்தால், கடைசியாக மறந்த ஒன்றை மட்டும் உடனே போட்டுவிட்டு, மற்ற மறந்தவற்றை விட்டுவிட்டு, மீதியைத் தொடருங்கள். அடுத்த 7 நாள் காண்டம் இல்லாமல் வேண்டாம். இது கடைசி வாரத்தில் நடந்தால் இடைவெளி எடுக்காமல் நேராகப் புது அட்டைக்குப் போக வேண்டும். முதல் வாரத்தில் நடந்து, அதற்கு முந்தைய 5 நாளுக்குள் பாதுகாப்பில்லாமல் இருந்திருந்தால் அவசர மாத்திரை பற்றி யோசிக்க வேண்டும். விந்தணு உள்ளே 5 நாள் வரை உயிரோடு இருக்கும், அதனால்தான் பின்னோக்கியும் கணக்குப் போட வேண்டியிருக்கிறது.

வாந்தியும் மறதிதான். போட்ட இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் இன்னொன்று போட வேண்டும். மெஸ் சாப்பாட்டுப் புண்ணியத்தில் வாந்தியும் பேதியும் இரண்டு நாளாக நிற்கவில்லை என்றால், இரண்டு மாத்திரை மறந்த கணக்கு.

"ஆன்டிபயாடிக் போட்டால் மாத்திரை வேலை செய்யாது" என்று எல்லா ஹாஸ்டலிலும் ஒரு பேச்சு உண்டு. அமாக்சிசிலின், அசித்ரோமைசின் போன்ற சாதாரணமானவற்றுக்கு இது பொருந்தாது. ஆனால் காசநோய்க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின் நிஜமாகவே மாத்திரையைக் கவிழ்க்கும். கல்லீரலைத் தூண்டி ஹார்மோனைச் சீக்கிரம் கரைத்துவிடும், அந்த மருந்தை நிறுத்தி நாலு வாரம் வரை இந்த விளைவு இருக்கும். டிபி நம் ஊரில் அபூர்வமான நோய் இல்லை என்பதால் அழுத்திச் சொல்கிறேன். வலிப்புக்குக் கொடுக்கும் ஃபெனிடாயின், கார்பமஸெபின் போன்றவையும் அப்படியே. இவை போடுகிறவர்கள் டாக்டரிடம் வேறு முறையைக் கேட்க வேண்டும், காண்டம் சேர்த்தால் சரியாகிவிடும் என்று விடக் கூடாது.

ஈஸ்ட்ரோஜன் இல்லாத, புரோஜெஸ்டின் மட்டும் உள்ள மாத்திரைகளுக்கு இந்த விதிகள் பொருந்தாது. பழைய வகையில் 3 மணி நேரம் தாமதமானாலே மறந்த மாதிரி, டெசோஜெஸ்ட்ரல் வகையில் 12 மணி நேரம். எந்த வகை என்று அட்டையைத் திருப்பிப் பாருங்கள். இன்னொன்று, அக்கா போடுகிறாள் என்று அவள் அட்டையிலிருந்து யாரும் எடுத்துப் போட வேண்டாம். ஒளி மின்னலோடு வரும் மைக்ரேன், அதிக பிபி, வீட்டில் யாருக்காவது ரத்தக்கட்டு இருந்த வரலாறு, இதையெல்லாம் டாக்டர் கேட்டுத்தான் எழுத வேண்டும்.

பசங்களும் படிக்கிறீர்கள் என்று தெரியும். "அவ மாத்திரை போடுறாளே, அப்புறம் எனக்கென்ன" என்று நினைப்பவர்களுக்கு இந்தப் பத்தி. மாத்திரை ஹெச்ஐவியைத் தடுக்காது, சிபிலிஸ், கொனோரியா எதையும் தடுக்காது. அதற்கு முட்டையோடுதான் வியாபாரம், கிருமியோடு இல்லை. அந்த வேலையைச் செய்வது காண்டம். காண்டமும் தனியாக நின்றால் நடைமுறையில் 100-க்கு 13 பேருக்குத் தவறுகிறது, விதிப்படி என்றால் 2. இரண்டையும் சேர்த்தால்? 0.07 பெருக்கல் 0.13, கிட்டத்தட்ட 100-க்கு ஒன்று. ரிடண்டன்சி என்று நாம் பரீட்சையில் எழுதுவது இதைத்தான். இரண்டும் ஒரே காரணத்தால் தோற்றால் இந்தப் பெருக்கல் செல்லாது என்பதும் அதே பாடத்தில் வரும். அவள் மறந்த அதே நாளில் நீயும் "இன்னிக்கு ஒரு நாள்தானே" என்றால் சிஸ்டத்தில் ஒரு லேயர்கூட இல்லை. என் ஜூனியர் விஷயத்தில் நடந்தது அதுதான்.

தவறிவிட்டால் என்ன செய்வது? லெவோநார்ஜெஸ்ட்ரல் 1.5 மில்லிகிராம் அவசர மாத்திரை 72 மணி நேரத்துக்குள் போட வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. அது முட்டை வெளிவருவதைத் தள்ளிப்போடுகிறது, அவ்வளவுதான். கருக்கலைப்பு மாத்திரை இல்லை. தமிழ்நாட்டில் இதற்குச் சட்டப்படி தடை இல்லை, ஆனாலும் பல மெடிக்கல் ஷாப்களில் "அதெல்லாம் வராதும்மா" என்ற பதில்தான் கிடைக்கும். கடை கடையாக ஏறி இறங்காமல் நேராக ஒரு மகப்பேறு டாக்டரிடமோ அரசு ஆஸ்பத்திரிக்கோ போவது நேரத்தை மிச்சப்படுத்தும். 5 நாளுக்குள் காப்பர் டி போட்டால் அது மாத்திரையைவிடப் பலமான தடுப்பு.

அதுவும் தாண்டிப்போனால், சட்டம் ஒன்று இருக்கிறது. 1971-ன் கருக்கலைப்புச் சட்டம், கருத்தடை தோற்றதை ஒரு காரணமாக ஏற்றுக்கொண்டது, ஆனால் "திருமணமான பெண் அல்லது அவள் கணவன்" என்று எழுதியிருந்தது. 2021 திருத்தம் அதை "எந்தப் பெண்ணும் அல்லது அவள் துணையும்" என்று மாற்றியது. இந்தக் காரணத்துக்கு 20 வாரம் வரை. 18 வயது நிரம்பியவருக்கு அவருடைய சம்மதம் மட்டும் போதும், அப்பாவின் கையெழுத்தோ கணவனின் கையெழுத்தோ சட்டம் கேட்கவில்லை. 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், திருமணமானவர், ஆகாதவர் என்று பிரிப்பது செல்லாது என்றும் தீர்ப்பளித்தது. கவுன்டரில் உட்கார்ந்திருப்பவர் வேறு மாதிரி பேசலாம். அதனால் இது தெரிந்திருப்பது நல்லது.

என் ஜூனியர் என்னிடம் வந்த இரவு, 72 மணி நேரத்தில் இருபத்துநாலுதான் போயிருந்தது. நான் தூங்கச் சொல்லி அனுப்பினேன். ஒரு வாரம் கழித்து, மனசு கேட்காமல் அவளை ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனபோது அவர் திட்டவில்லை. மாத்திரையைத் தொடரச் சொன்னார், மூன்று வாரம் கழித்து டெஸ்ட் எடுக்கச் சொன்னார். அதற்கு முன்னால் எடுத்தால் நெகட்டிவ் என்று வந்தாலும் நம்ப முடியாதாம். இடைவெளி நாட்களில் வரும் ரத்தப்போக்கும் உறுதியான சாட்சி இல்லையாம், அது ஹார்மோன் நின்றதால் வருவது. அந்த நாட்களில் அவள் இரண்டு இன்டர்னல் எழுதினாள். என்ன எழுதினாள் என்று அவளுக்கே தெரியாது.

நெகட்டிவ்.

இப்போது அவள் ஃபோனில் தினமும் இரவு ஒன்பது மணிக்கு ஒரு அலாரம் அடிக்கிறது. பேர், "டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் ரெக்கார்ட்." ரூம்மேட் ஒவ்வொரு நாளும் கேட்கிறாளாம், "இன்னுமாடி எழுதி முடிக்கல?"